படலை இன்னும் மூடியிருக்கிறது

மேய்ச்சல் நிலத்தின் படலையை எப்போது திறப்பது?

அண்ணையின் நினைவு மலரை இப்படித் தொடங்கலாமா என்று எனக்குத் தெரியவில்லை. பிறந்த ஊரில் தொடங்குவதுதான் முறை. இரண்டு தரம் அப்படி எழுதி அழித்துவிட்டேன். அவர் கண்மூடியதிலிருந்து நான் இந்தக் கேள்வியோடுதான் எழும்புகிறேன். அவர் இருந்திருந்தால் ஒரு நிமிடத்தில் சொல்லியிருப்பார்.

அண்ணை யாழ்ப்பாணத்துக்கு அருகே வேலணைத் தீவில் பிறந்தார். நாங்கள் இரண்டே பேர். அவருக்கும் எனக்கும் பதினாறு வயது இடைவெளி. இருபது வயதில் தனியாக மொன்றியலுக்கு வந்து, உணவகங்களில் கோப்பை கழுவி, பிறகு சமைத்து, அம்மாவையும் அப்பாவையும் என்னையும் இங்கே கூப்பிட்டார். ரொக்ஸ்பரோவில் நாங்கள் இன்று இருக்கும் வீடு அவர் பார்த்துப் பிடித்த வீடு. என்னைப் பல்கலைக்கழகம்வரை படிக்கவைத்தார். தான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கேட்டால், "எனக்கு உன்னை மேய்ச்சதே காணும்" என்பார்.

உணவகத்துக்கு இறைச்சி கொண்டுவரும் விவசாயி ரெஜானோடு அவருக்குப் பழக்கமானது. விடுமுறையில் அவருடைய பண்ணைக்கு உதவப் போனவர் திரும்பிவர மனமில்லாமல் அங்கேயே வேலைக்குச் சேர்ந்தார். நகரத்திலிருந்து தெற்கே ஒன்றேகால் மணி நேர ஓட்டம். ரெஜானுக்கு வயதானபோது மாடுகளையும் நிலத்தையும் அண்ணை பொறுப்பெடுத்தார். அவை இறைச்சிக்கு வளர்க்கும் மாடுகள். இதை இந்த மலரில் எழுத வேண்டாம் என்று சிலர் சொன்னார்கள். அண்ணை ஒருநாளும் மறைக்காததை நான் ஏன் மறைக்க வேண்டும்?

டொலார்ட் கோவில் வாசலில் ஒரு பெரியவர் அவரைப் பிடித்துக்கொண்டது நினைவிருக்கிறது.

"தம்பி, பால்மாடு எண்டாலும் பரவாயில்லை. இறைச்சிமாட்டை வைச்சுக்கொண்டு இஞ்சை அருச்சனைக்கு வாறீர்."

"என்ரை மாடு ஒண்டும் பசியோட போகாது ஐயா," என்றார் அண்ணை. "அதுகளின்ரை பேரிலையும் அருச்சனை செய்யலாமோ எண்டு ஐயரைக் கேக்கத்தான் வந்தனான்."

அவர் மாட்டிறைச்சி சாப்பிட்டதில்லை. தைப்பொங்கலுக்கு மறுநாள் பனிக்குள் நின்று மாடுகளுக்குப் பொங்கிப் படைப்பார். என் மூத்தவன் குளிர் தாங்காமல் காருக்குள் இருந்தபடி, "மாமா, மாட்டுக்குப் பிறந்தநாளா?" என்று பிரெஞ்சில் கத்துவான். "ஓம், எல்லாருக்கும் ஒரேநாள்," என்பார் மாமா.

இந்த ஆண்டு வசந்தத்திலேயே மழை பொய்த்தது. ஆனி பிறக்கும்போது புல் வளர்வதை நிறுத்திவிட்டது. சுற்றியிருந்த பண்ணைக்காரர்கள் மழை வருமென்று காத்திருந்தார்கள். அண்ணை காத்திருக்கவில்லை. மிருக வைத்தியரைக் கூப்பிட்டு எந்தப் பசு சினைப்பட்டிருக்கிறது என்று பார்த்தார். சினைப்படாதவற்றையும் வயதானவற்றையும் உடம்போடு இருக்கும்போதே விற்றார். வளர்ந்த கன்றுகளை வழமையைவிட முந்தியே பால் மறக்கச் செய்தார். தாய்மாடுகள் மெலிந்துபோனால் அடுத்த ஆண்டு கன்று இராது என்பார்.

கடைசியாக, மிஞ்சிய மாடுகள் எல்லாவற்றையும் கொட்டகைக்கு அருகே ஒரு சின்னத் துண்டு நிலத்துக்குள் அடைத்து, குளிர்காலத்துக்கென்று வைத்திருந்த உலர்புல் உருளைகளை அங்கேயே போடத் தொடங்கினார். மற்ற நிலங்களுக்குப் போகும் படலையைச் சங்கிலியால் கட்டினார். மாடுகள் பகல் முழுவதும் அந்தப் படலையில் முகத்தை வைத்துக்கொண்டு கத்தும். எனக்கே பொறுக்கவில்லை.

"கொஞ்சம் திறந்துவிட்டால் என்ன அண்ணை?"

"அந்தத் துண்டு பாழாப் போகட்டும். மற்றதுகளின்ரை வேர் தப்பவேணும். மேல் புல்லைத் திண்டால் திரும்ப வரும். அடியையும் திண்டிட்டால் அடுத்த வருசமும் இல்லை."

அவரிடம் அளவுகோல் என்று எதுவும் இருக்கவில்லை. முழங்கால்வரை வரும் தன் இறப்பர்ச் சப்பாத்தைப் புல்லுக்குள் ஊன்றிப் பார்ப்பார். புல் சப்பாத்தின் பாதி உயரத்துக்கு வந்தால் மாடு உள்ளே போகலாம். கணுக்காலுக்கு இறங்கினால் வெளியே வரவேண்டும்.

குளம் வற்றியதால் தண்ணீரைத் தாங்கியில் நிரப்பி வண்டியில் இழுத்துவந்தார். அந்த வேலையின் நடுவே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவரை ரெஜான்தான் வைத்தியசாலைக்குக் கொண்டுசென்றார். நான் கைக்குழந்தையோடு போய்ச் சேர்ந்தபோது அண்ணை கதைக்கும் நிலையில் இருந்தார். "தண்ணி பாத்தனியா?" என்றார். பார்த்ததாகச் சொன்னேன். "படலை?" என்றார். மூடியிருக்கிறது என்றேன். கண்ணை மூடிக்கொண்டார். மறுநாள் போய்விட்டார்.

செத்தவீடு முடிந்த இரண்டாம் நாள் மழை பெய்தது. ஒரேயொரு மழை. மூடிய நிலங்களில் பச்சை எட்டிப்பார்த்தது.

எட்டாம் நாள், எட்டுச்செலவன்று படையல் முடிந்தபின், அண்ணை நின்ற மண்ணிலும் ஒரு பங்கு வைக்கவேணும் என்று சித்தப்பா சொன்னார். அப்பா இல்லாத குறைக்கு எங்கள் குடும்பத்தில் அவர்தான் மூத்தவர். அவர் சொல்லை யார் தட்டுவது? வாழையிலையில் வடையும் மோதகமும் கட்டிக்கொண்டு மூன்று கார்களில் போனோம். நான் குழந்தைக்குப் பால் கொடுக்க வீட்டுக்குள் போயிருந்தேன். வெளியே படலை, படலை என்று ரெஜான் பிரெஞ்சில் கத்துவது கேட்டது: "லா பாரியேர்! லா பாரியேர்!"

தனக்கு வணக்கம் சொல்கிறார் என்று எண்ணிச் சித்தப்பா, "பொன்ஜூர்" என்று கையசைத்துக்கொண்டிருந்தார். அவருடைய மற்றக் கையில் படலைச் சங்கிலி. மாடுகள் எல்லாம் பச்சைக்குள் தலையைப் புதைத்திருந்தன.

"சித்தப்பா, என்ன செய்தனீங்கள்?"

"வாயில்லாச் சீவன் கத்திக்கொண்டு நிக்க, நாங்கள் வடை சாப்பிடுறதோ? உன்ரை அண்ணன்ரை ஆத்மா எப்பிடிப் பிள்ளை அடங்கும்? அதுதான் அவிட்டு விட்டனான்."

வேட்டியோடும் சேலையோடும் எல்லோரும் மாடு கலைக்க ஓடினார்கள். ஓட ஓட மாடுகள் இன்னும் தூரம் போயின. ஓடுபவர்களை நிற்கச் சொல்லி நான் கத்தினேன். பெரியவர்களைப் பார்த்து வாழ்க்கையில் முதல்முறை கத்தினேன். பிறகு தானிய வாளியை எடுத்து, அண்ணை செய்வதுபோலக் குலுக்கிக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் நடந்தேன். ஒரு கிழப்பசு தலையைத் தூக்கியது. அது வர, மற்றவையும் பின்னால் வந்தன. பொழுதுபடத்தான் சங்கிலியைப் பூட்ட முடிந்தது. அதற்குள் பள்ளக்காணித் துளிர் மண்வரை போய்விட்டது.

"புண்ணியம் எண்டுதான் பிள்ளை செய்தனான்," என்று சித்தப்பா சேற்று வேட்டியோடு படியில் இருந்தார்.

"புண்ணியத்தை மாடு மேஞ்சிட்டுது மாமா," என்றார் என் கணவர். முதலில் சிரித்தது சித்தப்பாதான். இதை எழுதச் சொன்னவரும் அவரே. மறுநாள் தொடக்கம் புரோசார்டில் இருக்கும் தன் வீட்டிலிருந்து தினமும் வந்து தண்ணீர் இழுப்பவரும் அவரே.

அண்ணையின் கடைசி நாட்களில் உடனிருந்த ரெஜானுக்கும், வைத்தியசாலைத் தாதியருக்கும், எட்டுச்செலவும் முப்பத்தோராம் நாளும் தடையின்றி நடக்கச் சமையற்கட்டில் நின்ற சகோதரிகளுக்கும், குழந்தைகளைத் தூக்கிவைத்திருந்த எல்லோருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

இனி என் கேள்வி. பிள்ளைகளோடு இப்போதைக்குப் பண்ணை வீட்டிலேயே தங்கி, அண்ணையின் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு தினமும் நிலத்தில் நிற்கிறேன். மேட்டுக்காணியில் புல் பாதிக்கு வந்துவிட்டது. திறக்கலாம் போலிருக்கிறது. ஆனால் பாதி என்பது நல்ல ஆண்டின் கணக்கா, இவ்வளவு காய்ந்த வேருக்கும் அது போதுமா என்று நான் அவரிடம் கேட்டுவைக்கவில்லை. இப்போது மேயவிட்டால் குளிருக்கு முன் வேர் தேறுமா? விடாவிட்டால் உலர்புல் தை மாதத்தைத் தாண்டாது. பிறகு சினைப்பசுக்களையே விற்கவேண்டிவரும். அவற்றின் வயிற்றில் இருப்பவைதான் அண்ணை தெரிந்தெடுத்து வைத்த அடுத்த ஆண்டு. அவற்றை விற்க மாட்டேன்.

இதை வாசிப்பவர்களில் தீவிலோ வன்னியிலோ மாடு வைத்திருந்தவர்கள், வறட்சியில் புல்லைப் பார்த்துப் பழகியவர்கள் இருந்தால், தயவுசெய்து எனக்குச் சொல்லுங்கள். மாட்டையெல்லாம் விற்றுவிட்டுப் பிள்ளைகளைப் பார் என்ற ஆலோசனை மட்டும் வேண்டாம். அது எனக்கு நிறையக் கிடைத்துவிட்டது. நேரில் வந்து பார்த்துச் சொன்னால் இன்னும் நல்லது. சித்தப்பா தேத்தண்ணி போட்டுத் தருவார். இறப்பர்ச் சப்பாத்தோடு வாருங்கள். படலையை மட்டும் நீங்களாகத் திறந்துவிடாதீர்கள்.