ஏழு கிலோ கேரியரைப் பார்த்துச் சிரித்துவிட்டுத் திம்பம் ஏறினேன்

போன தை மாதக் கடைசியில் ஒரு சனிக்கிழமை இந்தப் பயணம். கோவை பீளமேட்டிலிருந்து சத்தியமங்கலம், பண்ணாரி, திம்பம் வழியாக ஆசனூர். அங்கே ஓர் இரவு தங்கிவிட்டு, மறுநாள் தாளவாடியைச் சுற்றித் திரும்புவது. போக மட்டும் ஏறத்தாழ 106 கிலோமீட்டர். பைக்கில் ஊர் சுற்றுகிறவர்களுக்கு இதெல்லாம் ஒரு தூரமே அல்ல. எங்களுக்கு அப்படி இல்லை, ஏனென்று சொல்கிறேன்.

கல்யாணமாகிப் பன்னிரண்டு வருடமாக எங்கள் வீட்டில் பைக் ஓட்டுவது என் வீட்டுக்காரர் கதிர்தான். எனக்கு ஓட்டத் தெரியும், ஆனால் அவர் இருக்கும்போது சாவி என் கைக்கு வந்ததில்லை. ஐப்பசியில் மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டி கழுவப் போனவர் வழுக்கி விழுந்து இடது மணிக்கட்டை உடைத்துக்கொண்டார். உள்ளே பிளேட் வைத்தார்கள். ஆறு மாதத்துக்குக் கிளட்ச்சைத் தொடக்கூடாது என்றார் டாக்டர். மூன்று மாதம் மனிதர் வீட்டுக்குள்ளேயே முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் ஓட்டுகிறேன், நீங்கள் பின்னால் உட்காருங்கள் என்று நச்சரித்து, கடைசியில் ஒத்துக்கொள்ள வைத்தேன். "ஒரு தடவ வாரேன் அம்மணி. சரிப்படலீனா வண்டிய வித்துப்போடலாம்" என்றார். விளையாட்டுக்குச் சொல்லவில்லை, விலை விசாரித்தே வைத்திருந்தார். ஆக இந்த ஒரு பயணத்தை நம்பித்தான் எங்கள் பைக் இருந்தது.

அதனால் அவருக்கு முதுகில் பை இல்லாமல், வசதியாக உட்கார இடம் விட்டு, சாமானெல்லாம் பின்னால் போகிற மாதிரி ஒரு கேரியர் வேண்டும் என்று தேட ஆரம்பித்தேன். கடையில் ஒன்றைக் காட்டினார்கள். 3,800 ரூபாய், இரண்டு கிலோ எடை. பின்னால் உட்காருபவர் பிடிக்கிற கைப்பிடியைக் கழற்றாமலே மாட்டலாம். அதன்மேல் ஒரு ஸ்டிக்கர்: அதிகபட்சச் சுமை 7 கிலோ. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நான் வாங்கி வைத்திருந்த பெட்டி காலியாகவே நாலு கிலோ! ஏழு கிலோவுக்கு எதற்குக் கேரியர், மஞ்சப்பையில் கட்டிக் கையில் மாட்டிக்கொண்டு போகலாமே என்று கடைக்காரரிடம் சொல்லிவிட்டு வந்தேன்.

கோயமுத்தூர்க்காரர்களுக்கு ஒரு வியாதி உண்டு. கடைப் பொருள் எதைப் பார்த்தாலும் "இதென்னங்க இவ்வளவு மெல்லிசா இருக்குது, பட்டறையில குடுத்தா இதவிட நல்லாப் போட்டுத் தருவாங்க" என்போம். எனக்கு அந்த வியாதி கொஞ்சம் முற்றியது. வால்வு தயாரிக்கும் கம்பெனியில் தரப் பரிசோதனை என் வேலை. ஒரு மாலையில் டிராயிங் போட்டேன். கடைக் கேரியரைவிட எட்டு அங்குலம் பின்னால் நீளம், கம்பி இரண்டு மடங்கு தடிமன். தூக்கிக்கொண்டு உக்கடம் பக்கம் வெல்டிங் பட்டறை வைத்திருக்கும் ஜாபர் பாயிடம் போனேன். அவர் டிராயிங்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"கேரியர் ஒடையாதுங்க மேடம். இதுமேல யானையவே ஏத்தலாம். ஆனா சீட்டுக்கு அடியில இதத் தாங்கற வண்டியோட பின் சட்டம் உங்க டிராயிங்ல இல்லீங்களே?"

"அது கம்பெனிக்காரன் போட்டதுங்க பாய், தாங்கும்."

"நீளத்தையாவது பாதி கொறச்சுக்கலாமுங்களா?"

"டிராயிங்படியே போடுங்க."

போட்டுக் கொடுத்தார். 2,600 ரூபாய். கேரியர் மட்டும் ஆறரை கிலோ. பழைய கைப்பிடியைக் கழற்றிவிட்டு, அதே ஓட்டைகளில் இதை மாட்டினோம். இனிமேல் கதிர் கேரியரையே பிடித்துக்கொள்ள வேண்டியதுதான். பட்டறை வாசலில் வண்டியை நிறுத்தி, அதன்மேல் நானே ஏறி நின்றேன். அறுபத்திரண்டு கிலோ. ஒரு சத்தம் இல்லை. போட்டோகூட எடுத்துக்கொண்டேன், இந்த வலைப்பதிவில் பெருமையாகப் போட.

சனிக்கிழமை காலை 6.10க்குக் கிளம்பினோம். பெட்டியும் அதன்மேல் கட்டிய பையும் சேர்த்துப் பதினாறு கிலோ. கேரியரின் எடையைக் கூட்டினால் வால் பக்கம் மட்டும் இருபத்திரண்டரை. சரவணம்பட்டி, கோவில்பாளையம் தாண்டி அன்னூரில் 7.05க்கு டிபன், இரண்டு பேருக்கும் 170 ரூபாய். நல்ல குளிர், ரோடும் நன்றாகத்தான் இருந்தது. கதிர் ஒரு வார்த்தை பேசவில்லை. பயப்படுகிறாரோ என்று மனதுக்குள் எனக்குக் கொஞ்சம் கொண்டாட்டமாகவும் இருந்தது, ஒளிப்பானேன்.

புளியம்பட்டி தாண்டி ஒரு வேகத்தடையில் ஏறி இறங்கியதும் முதல் தடவை சொன்னார்: "அம்மணி, பின்னால என்னமோ ஆடுது."

வண்டியை ஓரங்கட்டிப் பார்த்தேன். போல்ட் எல்லாம் இறுக்கமாக இருந்தது. கேரியரைப் பிடித்து உலுக்கினேன், அசையவில்லை. "நீங்க பின்னால ஒக்காந்து பழகலீங்க மாமா, அதான்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன். பண்ணாரியில் 8.55க்குச் செக்போஸ்ட். அங்கே இரண்டாவது தடவை சொன்னார். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. பன்னிரண்டு வருடம் நான் பின்னால் உட்கார்ந்து ஒரு குறை சொன்னேனா? ஓட்டிப் பழகிய ஆணுக்குப் பெண்டாட்டி ஓட்டுவது பொறுக்கவில்லை, குறை கண்டுபிடிக்கிறார் என்று நானே தீர்மானித்துக்கொண்டேன். இந்தத் தடவை கீழே இறங்கிப் பார்க்கக்கூட இல்லை.

திம்பம் மலைப்பாதை தெரியாதவர்களுக்காக: பதினாலு கிலோமீட்டர்போல ஏற்றம், 27 கொண்டை ஊசி வளைவுகள், இரண்டு பக்கமும் புலிகள் காப்பகக் காடு. நடுவில் எங்கேயும் வண்டியை நிறுத்தக்கூடாது. யானை நடமாட்டம் உண்டு. லாரிகள் வளைவில் திரும்பும்போது முழு ரோட்டையும் எடுத்துக்கொள்ளும். வெயில் ஏறிய பிறகு கிளம்பி, இருட்டுவதற்கு நிறைய நேரம் முன்பே காட்டைத் தாண்டிவிடுங்கள்.

எட்டாவது வளைவில் எங்களுக்கு முன்னால் லோடு ஏற்றிய லாரி ஒன்று மாட்டியது. நடை வேகத்தில் உறுமிக்கொண்டு போனது. முந்த வழியில்லை. பின்னால் தாளவாடிக்கு முட்டைக்கோஸ் ஏற்றப் போகும் காலி பிக்கப் வண்டி ஒன்று வந்து ஒட்டிக்கொண்டது. ஏற்றத்தில் வண்டியின் பாரமெல்லாம் பின்பக்கம் சாய்ந்தது. முன் சக்கரம் லேசாக மிதப்பது எனக்கே தெரிந்தது.

பதினான்காவது வளைவில் ஒரு பள்ளம். டக்கென்று ஒரு சத்தம். "நிறுத்து அம்மணி" என்றார் கதிர். குரல் மாறியிருந்தது. எங்கே நிறுத்துவது? முன்னால் லாரி, பின்னால் பிக்கப், இடது பக்கம் தடுப்புச் சுவர், வலது பக்கம் எதிரே இறங்குகிற வண்டிகள். அந்த ஏற்றத்தில் கால் ஊன்றினால் அங்கேயே சரிந்துவிடுவோம் என்று பட்டது. "இங்க முடியாதுங்க!" என்று கத்தினேன். அதற்குள் அவர் முன்னால் நகர்ந்து என் முதுகோடு ஒட்டிக்கொண்டார். நான் டேங்க்மேல் ஏறி உட்கார வேண்டியதாகிவிட்டது. பிளேட் வைத்த இடது கையால் என் வயிற்றைச் சுற்றிப் பிடித்தார். வலது கை எங்கே போனதென்று தெரியவில்லை, ஆனால் உடம்பை அப்படியும் இப்படியும் திருப்பிக்கொண்டே இருந்தார். ஒவ்வொரு திருப்பத்துக்கும் ஹேண்டில் ஆடியது.

"ஆடாம ஒக்காருங்க மாமா! ரெண்டு பேரையும் கொல்லப் பாக்கறீங்களா?"

பன்னிரண்டு வருடத்தில் அவரிடம் அப்படி நான் பேசியதே இல்லை. பின்னால் பிக்கப் விடாமல் ஹாரன் அடித்தது. பதினெட்டாவது வளைவில் முன் லாரி திணறி ஒரு கணம் நின்றது. நான் பிரேக்கை அமுக்கினேன். பின்னாலிருந்து டயர் கிரீச்சிடும் சத்தம், மிகப் பக்கத்தில். கண்ணாடியில் பார்த்தால் பிக்கப்பின் முகப்பு மட்டும்தான் தெரிந்தது. பிறகு லாரி நகர்ந்தது, நாங்களும் நகர்ந்தோம். இருபத்திரண்டைத் தாண்டியதும் ரப்பர் கருகும் வாடை. வண்டி இழுக்க மறுத்தது. முதல் கியரிலேயே ஏற்றினேன். வளைவு எண்களை மட்டும் எண்ணிக்கொண்டே போனேன்.

10.05க்குத் திம்பம் உச்சி. டீக்கடைப் பக்கம் ஒதுங்கி நிறுத்தினேன். இறங்கிப் பின்னால் போய்ப் பார்த்தேன். ஜாபர் பாய் போட்ட கேரியருக்கு ஒன்றுமே ஆகவில்லை. அதைத் தாங்கிய வண்டியின் பின் சட்டம், சீட்டுக்கு அடியில், இடது பக்கம் முழுசாக முறிந்து போயிருந்தது. வலது பக்கம் பாதி வெடிப்பு. கேரியர், பெட்டி, வால் எல்லாம் அப்படியே தொங்கி டயரில் உரசிக்கொண்டிருந்தது. கதிர் அதன்மேல் சாய்ந்து, அதையே பிடித்துக்கொண்டு அல்லவா உட்கார்ந்திருந்தார்.

பிக்கப் வண்டியும் எங்களுக்குப் பின்னால் வந்து நின்றது. ஹாரன் அடித்தவரைத் திட்டலாம் என்று திரும்பினேன். டிரைவர் இறங்கி நேராக என்னிடம்தான் வந்தார்.

"ஏனுங்க அம்மணி, உங்க வண்டிக்கு ஒயர் அந்துபோயிப் பிரேக் லைட்டே எரியலீங்க. நீங்க நிறுத்துறதே எனக்குத் தெரியலீங்க. அண்ணன் மட்டும் ஒவ்வொரு வளவுலயும் திரும்பிக் கையக் காட்டலீனா, அந்தப் பதினெட்டாவதுல நான் மேல ஏத்தியிருப்பேனுங்க. நெம்ப தைரியமுங்க அவருக்கு."

எனக்கு உடனே புரியவில்லை. பிறகு புரிந்தது. பிடித்துக்கொள்ள இருந்த கேரியர் கையோடு வந்துவிடும் என்று தெரிந்ததும் அதை விட்டுவிட்டார். உடைந்த கையால் என்னைப் பிடித்துக்கொண்டு, நல்ல கையால் பின்னால் வந்தவரை நிறுத்திக்கொண்டே வந்திருக்கிறார். அவரைத்தான் நான் ஆடாமல் உட்காரச் சொன்னேன்.

"சொல்லியிருக்கலாமல்லங்க" என்றேன்.

"ரெண்டு தடவ சொன்னேனே அம்மணி. மூணாவது தடவ சொன்னா நீ பயந்துக்குவ. ஓட்டறவ பயந்தா முடிஞ்சுது."

டீக்கடை முன்னால் நின்று அழுதேன். சுற்றிலும் ஆட்கள் இருந்தார்கள், வெட்கமாகத்தான் இருந்தது, ஆனாலும் அழுதேன். மன்னிப்பும் கேட்டேன். அவர் மணிக்கட்டைத் தடவிக்கொண்டு, டீ ஆறுது பாரு என்றார்.

பயணம் அங்கேயே முடிந்தது. டீக்கடைக்காரர் தயவில், மதியம் தாளவாடியிலிருந்து இறங்கிய காலி வேன் ஒன்றில் பைக்கை ஏற்றிச் சத்தியமங்கலம் வரை கொண்டுவந்தோம், 1,800 ரூபாய். நாங்கள் பஸ்ஸில் இறங்கினோம். எக்ஸ்ரே எடுத்ததில் பிளேட் நகரவில்லை. பின் சட்டத்தை வெட்டி மாற்ற 7,400 ஆனது. ஜாபர் பாயிடம் போய் நடந்ததைச் சொன்னேன். அவர் என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "கதிர் சாருக்கு ஒண்ணும் ஆகலீங்களே?" என்று மட்டும் கேட்டார்.

கேரியர் வாங்கப் போகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். கேரியர் எவ்வளவு தாங்கும் என்று கேட்காதீர்கள், உங்கள் வண்டியின் வால் எவ்வளவு தாங்கும் என்று கேளுங்கள். வண்டியோடு வரும் புத்தகத்தில் இருக்கும். அந்தக் கணக்கில் கேரியரின் எடையும் காலிப் பெட்டியின் எடையும் அடக்கம். நீளம் பின்னால் போகப் போக அதே சுமை பல மடங்காக நெம்பும், அதனால் பெட்டி சீட்டை ஒட்டியே இருக்கட்டும். கனமான சாமான் பக்கவாட்டுப் பைகளில், தாழ்வாகப் போகட்டும். நிற்கிற வண்டிமேல் ஏறி நின்று பார்ப்பது சோதனையே அல்ல, பள்ளத்தில் குதிக்கிற சுமை வேறு. பின்னால் இருப்பவரின் கைப்பிடியைக் கழற்றித்தான் மாட்ட வேண்டுமென்றால் அந்தக் கேரியர் வேண்டாம். முதல் ஐம்பது கிலோமீட்டரில் சீட்டைக் கழற்றி உள்ளே பாருங்கள். போல்ட்டை மட்டும் பார்த்தால் என்னைப் போல ஏமாறுவீர்கள். மலை ஏறும் முன் பிரேக் லைட்டையும் பாருங்கள். பின்னால் உட்கார்ந்திருப்பவர் ஏதோ ஆடுகிறது என்றால், அந்த ஆள் யாராக இருந்தாலும், முதல் தடவையே நம்புங்கள்.

இப்போது அந்த ஏழு கிலோ கேரியரைத்தான் மாட்டியிருக்கிறேன். வண்டியை விற்பதா வேண்டாமா என்று நான் கேட்கவில்லை. கேட்கப் பயமாக இருந்தது. போன வாரம் டாக்டர் கையை அழுத்திப் பார்த்து, இனிக் கிளட்ச் பிடிக்கலாம் என்றார். ஆஸ்பத்திரி வாசலில் சாவியை அவரிடம் நீட்டினேன். கதிர் வாங்கவில்லை. ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு பின் சீட்டில் ஏறி உட்கார்ந்தார்.

"நீயே ஓட்டு அம்மணி. பின்னால நான் பாத்துக்கறேன்."