நாகம்மாள் காட்டிய புழு

கரையான்சாவடியில் வெறுமனே நாகம்மாள் என்றால் யாருக்கும் தெரியாது. 'இன்னாத்துக்கு நாகம்மா' என்று கேட்டால் வீட்டு வாசல் வரைக்கும் கொண்டுவந்து விடுவார்கள். பட்டாளத்து லாரிகள் விளக்கை மூடிக்கொண்டு ஆவடிப் பக்கம் போனால் இன்னாத்துக்கு என்பாள். பக்கத்து வீட்டுப் பூனை மூன்று காலால் நடந்தால் அதற்கும் இன்னாத்துக்கு. பதில் கிடைக்கிறவரை அவளுக்குச் சோறு இறங்காது. அவளோடு குடித்தனம் நடத்திய எத்திராஜை நினைத்தால் எனக்குப் பாவமாக இருக்கிறது. ஆனால் அவள் அப்படி இருந்ததால்தான் நான் இன்று உட்கார்ந்து இதை எழுதுகிறேன். அதனால் ரொம்பவும் கேலி செய்யமாட்டேன்.

உலக யுத்தம் நடந்த காலம். நாகம்மாளும் எத்திராஜும் குத்தகைக்கு ஒரு மல்லித் தோட்டம் பிடித்திருந்தார்கள். அதற்கு முந்தைய பருவம் முழுக்க மொட்டுப்புழு. மொட்டைத் துளைத்து உள்ளே போய் உட்கார்ந்துகொண்டு தின்னும். பூ விரியாமலே சிவந்து உதிரும். இந்தப் பருவமும் இப்படியே போனால் தோட்டத்தை வேறு ஆளுக்கு விட்டுவிடுவேன் என்று நிலத்துக்காரர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். அந்தத் தோட்டத்தை விட்டால் அவர்களுக்கு வேறு நாதியில்லை.

எத்திராஜுக்கு அப்போது சேக்காட்டுப் பக்கம் கொசு ஒழிப்பு வேலையும் கிடைத்திருந்தது. பச்சைப் பொடி ஒன்றை ரோட்டுப் புழுதியோடு கலந்து, காற்று போகும் பக்கமாகக் குட்டையிலும் வாய்க்காலிலும் வீசவேண்டும். தண்ணீர் மேல் மிதக்கும் பொடியைத் தின்று கொசுப்புழு செத்துப்போகும். தண்ணீரைத் தவிர வேறெங்கும் போடக்கூடாது என்று மேஸ்திரி சொல்லியிருந்தார். ஏன் என்று எத்திராஜ் கேட்கவில்லை. கேட்கிற ஆள் வீட்டில் இருந்துவிட்டாள்.

"தண்ணிப் புழு சாவுதுன்னா பூப்புழு மட்டும் சாவாதா மே?" என்று ஒரு நாள் அந்தப் பொடியைத் துணியில் முடிந்துகொண்டு வந்தான்.

நாகம்மாளுக்கு முகமெல்லாம் சிரிப்பு. அந்தக் கேள்வி தனக்குத் தோன்றாமல் போயிற்றே என்று கொஞ்சம் பொறாமையும் இருந்தது. இருவரும் செடி செடியாகத் தூவினார்கள். இலை ஓரம் லேசாகக் கருகியது. புழுவும் செத்தது. அந்த வருஷம் பூத்த மாதிரி அந்தத் தோட்டம் அதற்கு முன்பு பூத்ததே இல்லை.

பூ கட்டுவதற்குத் தோட்டத்து ஓரம் ஒரு கீற்றுப் பந்தல். நாகம்மாளோடு சேர்ந்து கட்ட அங்கம்மாவும் வடிவும் இன்னும் சில பெண்களும் விடியற்காலையில் வந்து உட்கார்ந்துவிடுவார்கள். வாழைநார் ஒரு பானைத் தண்ணீரில் ஊறிக்கொண்டிருக்கும். மொட்டு வாடாமலிருக்க அதே பானையில் கையை விட்டு மொட்டின் மேல் தெளிப்பார்கள். மொட்டை அள்ளிய கையாலேயே நாரை எடுப்பார்கள். ஒரு நாரில் முடிச்சுப் போடும்போது அடுத்த நாரை முன்பல்லில் கவ்வியிருப்பார்கள். வாய் சும்மா இருக்கவேண்டும் என்பதற்காகத்தான் இந்த ஏற்பாடு என்று ஆண்கள் கிண்டல் செய்வார்கள். உண்மையில் நாரை வாயில் வைத்தபடியே அவர்களால் ஊர்க்கதை முழுவதும் பேச முடியும்.

முதலில் நாகம்மாளின் கோழி செத்தது. செடியடியில் விழுந்த புழுவைக் கிளறித் தின்றுகொண்டிருந்த கோழி. கோழிநோய் என்றார்கள். பிறகு பந்தலில் ஒவ்வொருத்தியாக வாய் புண்ணாகிப் போனது. வயிற்றைப் புரட்டியது. அங்கம்மாவுக்குத்தான் ரொம்ப மோசம். அவள் அப்போது முழுகாமல் இருந்தாள். கஞ்சி கூட விழுங்க முடியாமல் கண்ணில் நீர் வழியும். அங்கம்மா என் அம்மா. வயிற்றில் இருந்தது நான்.

"சூடுதான், மோர் குடி," என்றாள் ஒருத்தி. "வெத்தலைச் சுண்ணாம்புல வாய் பொத்துப்போச்சு," என்றாள் இன்னொருத்தி.

"அங்கம்மா வெத்தலையே போடமாட்டாளே! அவளுக்கு இன்னாத்துக்கு?" என்றாள் நாகம்மாள்.

அவளுக்குச் சோறு இறங்கவில்லை. அவள் வாயிலும் புண் என்பதால் எப்படியும் இறங்கியிருக்காது. யார் எந்தக் கிணற்றில் குடிக்கிறார்கள், யார் வீட்டில் என்ன குழம்பு என்று வீடு வீடாக விசாரித்தாள். எதுவும் ஒத்துவரவில்லை. பூ பறிக்கிறவர்களுக்கு வாயில் ஒன்றுமில்லை. பூ கட்டுகிறவர்களிலும் வடிவுக்கு மட்டும் ஒன்றுமில்லை.

"ஏன் வடிவக்கா, உனக்கு மட்டும் இன்னாத்துக்கு வரல?"

"வரலன்னு வருத்தமாடீ உனக்கு?" என்றாள் வடிவு. அவளுக்கு முன்பற்கள் போய் வெகுகாலம் ஆகிறது. நாரைக் கவ்வ முடியாது. அதனால் நாரின் ஒரு முனையைக் கால் கட்டைவிரலில் சுற்றிக்கொண்டு கட்டுவாள்.

நாகம்மாளின் கண் தானாக அந்தக் காலுக்குப் போனது. கட்டைவிரலைச் சுற்றி, மோதிரம் போட்ட மாதிரி, நார் பதியும் இடத்தில் மட்டும் புண்.

"செருப்பு கடிச்சிட்ச்சிமே," என்றாள் வடிவு.

"நீ என்னிக்கிக்கா செருப்பு போட்டே?"

பந்தலில் எல்லாரும் சிரித்தார்கள். நாகம்மாள் சிரிக்கவில்லை. நார்ப் பானையைத் தூக்கிக்கொண்டு போய் ஆடாமல் அசையாமல் ஒரு மூலையில் வைத்தாள். தண்ணீர் தெளிந்ததும் மெல்லச் சாய்த்துக் கொட்டினாள். அடியில் கொஞ்சம் வண்டல் நின்றது. மண் நிறத்தில் இல்லை. பச்சையாக இருந்தது.

விடை தெரிந்தால் அவள் குதிப்பாள். அன்றைக்கு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

சாயங்காலம் எத்திராஜ் வந்ததும் பானையைக் காட்டினாள். அவன் பானையை மறுபடி மூலைக்குத் தள்ளினான்.

"இத்த யாராண்டயும் சொல்லாதமே. பூவு இப்பத்தான் வந்துகினு கீது. தோட்டம் போச்சுன்னா எங்க போவோம்?"

"அங்கம்மா புள்ளத்தாச்சிய்யா."

"நான் வேணும்னா செஞ்சேன்? நல்லதுக்குத்தானே கொண்டாந்தேன்!"

"நான் உன்ன குத்தம் சொல்லல. நானுந்தானே தூவனேன்." அவள் குனிந்து அவன் கணுக்காலைப் பார்த்தாள். அங்கேயும் அதே மாதிரி புண். சேற்றுப்புண் என்று அத்தனை நாளும் மஞ்சள் அரைத்துப் போட்டவள் அவள்தான். "இது இன்னாத்துக்குன்னு நான் கேக்கவே இல்லியேய்யா," என்று அழுதாள்.

மறுநாள் பந்தலில் எல்லாரிடமும் சொல்லிவிட்டாள். வடிவு கையை ஓங்கிக்கொண்டு வந்தாள். பானையைப் பார்த்துவிட்டுக் கையைக் கீழே போட்டாள். பறித்த பூ மொத்தமும் குழியில் போனது. எத்திராஜ் கத்தி எடுத்துச் செடிகளைக் கட்டையாகக் கழித்தான். வேலை முடித்து வந்தால், கையும் காலும் தேய்த்துக் கழுவாமல் அன்றிலிருந்து அவன் சோற்றைத் தொட்டதில்லை. நிலத்துக்காரர் வாய்க்கு வந்தபடி திட்டினார். வெட்டின தோட்டத்தை வாங்க வேறு ஆள் வராததால், அடுத்த பருவம் வரை விட்டுவைத்தார்.

நான் பிறந்தேன், நோஞ்சானாகத்தான். ஆனாலும் தங்கிவிட்டேன்.

அடுத்த பருவம் செடி மறுபடியும் மொட்டுவிட்டது. பெண்கள் வந்தார்கள். பந்தலுக்குள் யாரும் உட்காரவில்லை. அம்மா என்னை இடுப்பில் வைத்துக்கொண்டு வெளியிலேயே நின்றாளாம்.

"பொடி போடலன்னு சத்தியம் பண்றேன் அங்கம்மா," என்றாள் நாகம்மாள்.

"சத்தியம் வேணாம் யக்கா. புழுவக் காட்டு."

உலகத்தில் எந்தப் பூக்காரியும் அப்படி ஒன்றைக் கேட்டிருக்கமாட்டாள். நாகம்மாள் செடிக்குள் புகுந்து மொட்டு மொட்டாகப் பிரித்துப் பார்த்தாள். நல்ல மொட்டாகவே கையில் வந்துகொண்டிருந்தது. எந்தப் புழு தோட்டத்தை அழித்துவிடும் என்று சென்ற வருஷம் பயந்தாளோ, அது இருக்கவேண்டுமே என்று இப்போது செடி செடியாகத் தேடினாள். கடைசியில் சிவந்துபோன மொட்டு ஒன்று அகப்பட்டது. பிளந்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டு ஓடிவந்தாள்.

புழு தலையைத் தூக்கி நெளிந்தது.

அம்மா அதை நன்றாகப் பார்த்தாள். பிறகு என்னை வடிவின் மடியில் போட்டுவிட்டு, பானையிலிருந்து ஒரு நாரை எடுத்துப் பல்லில் கவ்விக்கொண்டாள்.