டீச்சருக்க லட்டு எப்பம்?

பேரலல் காலேஜ் டீச்சரின் வேலை மற்றவர்களுக்கு வேலை வாங்கித் தருவது. இதில் சிக்கிக்கொண்டவர்களுக்கு நான் மேற்கொண்டு விளக்க வேண்டியதில்லை.

முதல் லட்டு

தொண்ணூறுகளில், கேரள எல்லையோரத் தனுவச்சபுரத்தில் ஓலைக்கூரை போட்ட ஒரு பேரலல் காலேஜில், அதாவது தனியார் டுட்டோரியலில், அரசு கிளார்க் பரீட்சை எழுதுகிறவர்களுக்கு ஏழு வருஷம் கணக்கு சொல்லிக்கொடுத்தேன். வேலை உத்தரவு வந்தால் முதல் லட்டு டீச்சருக்கு என்பது அங்கே வழக்கம். நானும் வஞ்சகமில்லாமல் தின்றேன். நானே அந்தப் பரீட்சையை இரண்டு தடவை எழுதித் தோற்றதை மட்டும் மூச்சு விடவில்லை.

குன்னத்துகால் ஊரிலிருந்து வந்த என் மாணவி ஸ்டெல்லாவுக்குப் பஞ்சாயத்து ஆபீசில் வேலை கிடைத்தது. லட்டை என் வாயில் திணித்துவிட்டுக் கேட்டாள்: “அது செரி, டீச்சருக்க லட்டு எப்பம்?”

பின் பெஞ்சு

வீட்டுக்குப் போய் சர்ட்டிபிகேட்டை எடுத்துப் பார்த்தேன். வயது வரம்பு தாண்டுவதற்குள் ஒரே ஒரு பரீட்சைதான் பாக்கி. கணக்கில் எனக்குப் பயமில்லை. இரண்டு தடவையும் காலை வாரிவிட்டது பொது அறிவு.

மறுநாள் தங்கராஜ் சாரின் பொது அறிவு வகுப்பில், என் மாணவர்களோடு பின் பெஞ்சில் போய் உட்கார்ந்தேன். அவர் பாவம், சாக்பீஸைக் கீழே போட்டுவிட்டார். பிறகு தைரியம் வந்து என்னிடமே ஒரு கேள்வி கேட்டார். நான் திருதிருவென்று விழித்தேன். பக்கத்தில் சிலுவைதாசன். காரோடு பக்கத்துக் கடற்கரைக்காரர், காலையில் மீன்பிடி வள்ளத்திலிருந்து இறங்கி நேரே வகுப்புக்கு வருகிறவர். மெல்லக் குனிந்து சொன்னார்: “தெரியாதெண்ணு சொல்லுங்க டீச்சர், வெக்கப்படாண்டாம். ஒங்களுக்க கிளாசில நாங்க தெனமும் சொல்லுகோம்லா.”

அதன்பிறகு சிலுவைதாசன் எனக்குப் பொது அறிவு, நான் அவருக்குக் கணக்கு.

எழுந்து நின்ற ஹால்

பரீட்சை நெய்யாற்றின்கரையில் ஒரு பள்ளிக்கூடத்தில். யாரும் பார்க்காமல் உட்கார்ந்துவிடலாம் என்று உள்ளே நுழைந்தேன். ஹாலில் முக்கால்வாசிப் பேர் என் பிள்ளைகள். பழக்கதோஷம், மொத்தமாக எழுந்து நின்றுவிட்டார்கள். கண்காணிப்பாளர் என்னை மேலிடத்து ஆபீசர் என்று நினைத்துத் தன் நாற்காலியை எனக்குப் போட்டார். நான் ஹால் டிக்கெட்டை நீட்டியதும் அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

கூனிக்குறுகி என் பெஞ்சைத் தேடினேன். “இவங்களுக்கா எழும்பினிய?” என்று அவர் அதட்டினார். சிலுவைதாசன் உட்காராமலே பதில் சொன்னார்: “பின்னே? எங்களுக்க டீச்சராக்கும்.”

அன்றைக்கு முதல் பத்து நிமிஷம் கேள்வித்தாள் எனக்குத் தெரியவில்லை. கண்ணைத் துடைத்துவிட்டுத்தான் எழுத ஆரம்பித்தேன்.

புது சீட்

தேறியவர்கள் பட்டியலில் சிலுவைதாசன் மேலே. நானோ, எட்டிப் பார்த்தால் தெரிகிற அளவுக்குக் கீழே. போதுமே! எனக்கு வேலை விழுந்தது ஸ்டெல்லாவின் பஞ்சாயத்து ஆபீசில். அவள் எனக்கு சீனியர். தபால் பதிவேட்டை விரித்து ஒவ்வொரு கட்டமாகச் சொல்லிக்கொடுத்தாள். மூன்றாம் தடவையும் நான் தப்பான கட்டத்தில் எழுதினேன். அவளிடமிருந்து வந்தது, வகுப்பில் நான் சொல்லும் அதே வார்த்தை, அதே குரல்: “செரி, போட்டும். ஒருக்கக்கூடி பாப்போம்.”

ஏழு வருஷம் தின்ற லட்டுக்கெல்லாம் பதிலாகப் பெட்டி பெட்டியாக வாங்கி ஊரெல்லாம் கொடுத்தேன், எனக்குத்தான் ஒன்றுகூட மிஞ்சவில்லை.