வழித்தாளில் இடது வலது இல்லை

பிரான்சு தேசத்தில் ஆறு நாள் சைக்கிள் ஓட்டுவதற்கு இத்தனை படிவங்கள் நிரப்ப வேண்டும் என்று தெரிந்திருந்தால், ஓய்வு பெற்ற மறுநாளே கிளம்பியிருப்பேன். நில அளவைத் துறையில் முப்பத்தாறு வருடம் இருந்தவன் நான். படிவம் என்றால் எனக்குப் பசிக்கும்.

ஆனால் ஆசை என்னுடையதல்ல, அண்ணனுடையது. கூடப் பிறந்தவர் அல்ல. நல்லூரில் எனக்கு அடுத்த வீதி, நாலு வயது மூத்தவர். பனியன் துணி ஓட்டும் நிட்டிங் யூனிட் வைத்திருந்து, போதும் என்று நிறுத்திக்கொண்டவர். ஏழு வருடமாகக் காலையில் இருவரும் சேர்ந்து சைக்கிள் ஓட்டுகிறோம். அவர் மகள் பிரான்சில் ஒரு சிற்றூரில் குடித்தனம் நடத்துகிறாள். அவள்தான் இந்த ஆறு நாள் சைக்கிள் வழியை அனுப்பினாள். சின்னச் சின்ன சாலைகள், கோதுமை வயல், நாளுக்கு நாற்பது கிலோமீட்டர். கூட வழிகாட்டி கிடையாது. வழித்தாளைப் பார்த்து நாமே ஓட்ட வேண்டும். ஆறாம் நாள் வழி முடிகிற இடத்திலிருந்து அவள் வீடு கூப்பிடு தூரம்.

"மக ஊட்டு வாசல்ல சைக்கிள்லயே போயி எறங்கோணுமுங்க சர்வேயரே" என்றார் அண்ணன். "டாக்சில போயி எறங்கறதுக்கு நா எதுக்கு?"

மெல்ல ஏறி மெல்ல இறங்கும் நாட்டுப்புறம் என்று பயண ஏற்பாட்டாளர்கள் அந்த வழியை வர்ணித்திருந்தார்கள். நம் பூமியும் அப்படித்தான். நல்லூரிலிருந்து மண்ணரை வழியாக நெருப்பெரிச்சல் வரை பைக்கில் போகிறவனுக்கு மேடு தெரியாது. சைக்கிள்காரனின் கெண்டைக்காலுக்குத் தெரியும். அங்கே படங்களில் இரண்டு பக்கமும் மாடு மேய்கிறது. இங்கே இரண்டு பக்கமும் தையல் கம்பெனிகள், ஆள் ஏற்றும் வேன்கள், எந்த விதியின் கீழும் அனுமதி பெறாத வேகத்தடைகள். மற்றபடி ஒன்றுதான்.

சிக்கல் வழித்தாளில் இருந்தது. முக்கால் கிலோமீட்டரில் இடது, தேவாலயம் தாண்டி வலது என்று எழுதியிருந்தார்கள். எங்கள் பக்கத்தில் இடது வலது என்பதெல்லாம் ஓட்டுநர் உரிமம் வாங்கும் அன்றைக்கு மட்டும் தேவைப்படும் அறிவு. மற்ற நாளெல்லாம் திசைதான். சாப்பிட உட்கார்ந்தால்கூட, "அந்தச் சொம்பக் கொஞ்சம் தெக்கால நவுத்துங்க" என்பார்கள். ஆகவே வரைபடத்தை விரித்து வைத்து, ஆறு நாள் வழியையும் கிழக்கு மேற்காக மாற்றி எழுதினேன். ஒவ்வொரு திருப்பத்திலும் அடையாளமாக ஒரு கட்டடமும் சேர்த்தேன். பழக்கத்துக்காக எங்கள் காலை வழிகளுக்கும், போக ஒன்று வர ஒன்று என்று, அதே மாதிரி தாள்கள் தயாரித்து என் பையில் வைத்துக்கொண்டேன். அண்ணன் அவ்வப்போது வேண்டியதை வாங்கிப் பிளாஸ்டிக் உறையில் போட்டு ஹேண்டில்பாரில் கட்டிக்கொள்வார். தினம் ஓட்டுகிற வழிக்கும் தாளைப் பார்த்துத்தான் ஓட்டினார். என் வேலையை இவ்வளவு மதித்த ஒருவர் அலுவலகத்தில்கூட இருந்ததில்லை என்று எனக்குப் பெருமை.

ஒருநாள் மண்ணரையில் டீ குடித்துக்கொண்டிருந்தபோது, லாரிக்காரர் ஒருவர் வழி கேட்டார். "நேரா கெழக்கால போங்க" என்று அண்ணன் மேற்கே கை காட்டினார்.

"ஏனுங்கண்ணா, சூரியனயே டிரான்ஸ்பர் பண்ணிப்போட்டீங்களா?" என்றேன்.

டீக்கடைக்காரர் சிரித்தார். அண்ணனும் சிரித்தார், கொஞ்சம் பிந்தி. நான் அன்று முழுவதும் என் நகைச்சுவையை நினைத்து மகிழ்ந்துகொண்டிருந்தேன்.

எல்லாப் படிவமும் முடிந்து கடைசியாக ஒன்று வந்தது. பயண ஏற்பாட்டாளர்கள் கேட்ட உறுதிமொழி. உடன் வருபவர் வழியில் பிரிந்துவிட்டால் தனியாக வழி கண்டு ஊர் சேரக்கூடியவர் என்று நான் அவருக்கும் அவர் எனக்கும் கையெழுத்துப் போட வேண்டும். அண்ணன் வீட்டு மேசையில் வைத்துப் பேனாவைத் திறந்தேன். அக்கா, அதாவது அண்ணன் மனைவி, காபி கொண்டுவந்தார்.

"தம்பி, அங்கெல்லாம் இவரு பத்தரமா ஓட்டிருவாருங்களா?"

"இங்க ஓட்டற மாதிரிதானுங்கக்கா."

அவர் போகவில்லை. கேள்விக்குப் பதில் வந்த பிறகும் தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். பதில் கிடைத்தும் அலுவலகக் கவுண்டரை விட்டு நகராதவர்களை ஆயிரம் பேர் பார்த்திருக்கிறேன். வேறு கேள்வி உள்ளே இருக்கும். மண்ணரையில் மேற்கே நீண்ட அண்ணனின் கை நினைவுக்கு வந்தது. பேனாவை மூடினேன். நேரில் பார்க்காமல் ஒரு சான்றிலும் கையெழுத்துப் போட்டதில்லை நான். அன்று முதல்முறையாக அந்தப் பழக்கம் எனக்குப் பயத்தைக் கொடுத்தது.

மறுநாள் காலை நெருப்பெரிச்சலுக்கு அப்பால் ஒரு பிரிவில் நின்று, திரும்பும் வழிக்கான தாளை மறந்துவிட்டதாகச் சொன்னேன். "நீங்களே முன்னால போங்கண்ணா. ஊட்டுக்குப் போலாம்."

நூறு முறை போன வழி. ஏழரை மணிக்குத் தெற்கே ஓட்டினால் வெயில் இடது கன்னத்தில் அடிக்க வேண்டும். எனக்கு வலது கன்னத்தில் அடித்தது. ஆய்வின்போது குறுக்கே பேசக் கூடாது என்பது விதி. அந்த உன்னதமான விதியைக் காப்பாற்றிக்கொண்டு மூன்று கிலோமீட்டர் பின்னால் போனேன். தெரியாத காம்பவுண்டு சுவர்கள் வந்தன. வேகம் குறைந்து, அண்ணன் ஒரு காலை ஊன்றி நின்றார். அருகில் போனேன்.

"சர்வேயரே, வடக்கு எதுங்க?"

கிண்டல் ஒன்றும் வரவில்லை. முன்னால் கை காட்டினேன்.

அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "சீட்டு உங்க பையிலதான இருக்குது?" என்றார்.

"இருக்குதுங்க."

"மறந்துட்டேன்னீங்களே, அப்பவே தெரிஞ்சுது. நீங்களாவது மறக்கறதாவது." துண்டால் முகத்தைத் துடைத்தார். "ஆறேழு மாசமா இப்படித்தானுங்க. காலைல எந்திரிச்சா, எந்தப் பக்கம் கெழக்குன்னு கட்டில்லயே உக்காந்து ரோசன பண்றேன். உங்க சீட்டு இருந்ததால சமாளிச்சுட்டேன். தெச பாக்க மாட்டேன். நீங்க எழுதியிருக்கற கடயப் பார்த்துத் திரும்பிக்குவேன்."

என் தாள்கள் அவருக்கு வழி காட்டியதோடு நிற்கவில்லை. என் கண்ணை மறைத்திருக்கின்றன. அதையும் நானே வரைந்து கொடுத்திருக்கிறேன்.

"அங்கயும் சர்ச்சப் பார்த்துத் திரும்பிக்குவேன். கையெழுத்து மட்டும் போட்டுருங்க. மக ஊட்டப் பார்த்துட்டு வந்தப்பறம் எந்த டாக்டர்கிட்டக் கூப்புட்டாலும் வாரேன். அவகிட்ட இப்பச் சொல்லாதீங்க."

மகளைச் சொன்னாரா மனைவியைச் சொன்னாரா என்று நான் கேட்கவில்லை. அந்தக் கையெழுத்தை உலகத்தில் எவனும் சரிபார்க்கப் போவதில்லை என்பது எனக்குத் தெரியும். சைக்கிளைத் திருப்பினேன். ஒவ்வொரு திருப்பத்திலும் பின்னால் வருகிறாரா என்று பார்த்துக்கொண்டே வந்தேன்.

அக்கா கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். "ஏனுங்க, இன்னிக்கு இத்தன நேரம்?"

"செயினு கழண்டுருச்சு" என்று அண்ணன் முந்திக்கொண்டு என்னைப் பார்த்தார். நான் தலையசைத்தால் போதும்.

"செயின் கழலலீங்கக்கா" என்றேன். வீதியிலேயே நின்று, நடந்ததை நடந்த வரிசையில், தூரம் உட்படச் சொன்னேன். வேறு விதமாகச் சொல்ல எனக்குத் தெரியாது.

அக்கா அதிர்ந்துபோவார் என்று நினைத்திருந்தேன். "நானும் பார்த்துட்டுத்தானுங்க தம்பி இருக்கறேன்" என்றார். "தண்ணி மோட்டார நிறுத்தியாச்சான்னு நாலு தடவ கேப்பாரு. ஆனா படிச்ச மனுசன் நீங்க தெனமும் கூடப் போறீங்க. எதாச்சும் இருந்தா நீங்க சொல்லீருவீங்கன்னு இருந்துட்டேன்."

அண்ணன் சைக்கிளை உள்ளே தள்ளிக்கொண்டு போனார். திரும்பிப் பார்க்காமலே, "போட்டுக் குடுத்துட்டீங்களே" என்றார்.

கோயம்புத்தூரில் டாக்டர் பார்த்தார், ஸ்கேன் எடுத்தார்கள், நோய்க்கு ஒரு பெயர் சொன்னார்கள். பயணத்தை ரத்து செய்யும் கடிதங்களை நான்தான் எழுதினேன். அதில் ஒரு குறையும் இருக்காது. விடுமுறைக்கு மகள் வருகிறாள். மாத்திரையால் அண்ணன் பகலில் நிறையத் தூங்குகிறார்.

நான் தினமும் போகிறேன். அக்கா காபி கொடுக்கிறார். அண்ணன் எதிரே உட்கார்ந்து தன் டம்ளரைக் காலி செய்துவிட்டு, என்னிடம் ஒரு வார்த்தை பேசாமல் எழுந்து போய்விடுகிறார். இருபது நாளாக இப்படி. அது கோபமா, இல்லை நான் யார் என்பதே அவருக்கு நழுவத் தொடங்கிவிட்டதா என்று தெரியவில்லை. அக்காவிடம் கேட்கத் துணிவும் வரவில்லை. கோபமாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டு தினமும் அந்தக் காபியைக் குடித்துவிட்டு வருகிறேன்.