தங்க இழைப் பூச்சி

பீரோவைத் திறந்ததும் வந்த அந்துருண்டை வாசனையில், சாலையை அகலப்படுத்த இடித்துவிட்ட எங்கள் கோட்டைமேட்டு வீட்டின் முன்னறை எழுந்து நின்றது. ஊட்டி ஓடைகளில் டிரவுட் மீன் பிடிக்கப் போகிறவர்களுக்காக, அத்தா அங்கே சன்னலோரம் ஆங்கிலப் புத்தகத்தின் வண்ணப்படங்களைப் பார்த்துப் பார்த்து, சேவல் இறகைத் தூண்டில்முள்ளில் சுற்றி, மீனை ஏமாற்றும் பொய்ப்பூச்சிகள் கட்டுவார். தங்க இழை கேட்கும் பூச்சிக்கு மட்டும் அம்மாவின் நிக்காஹ் சேலையிலிருந்து ஜரிகை உருவுவார்.

“மீனுக்கு என்ற கல்யாணச் சேலைதான் கெடைச்சுதுங்களா?” என்று சிரித்தபடி அம்மாவேதான் தலைப்பை நீட்டுவாள்.

அம்மா மௌத்தாகி அடக்கம் செய்த பிறகு, புத்தகத்தில் அந்தத் தங்க இழைப் பூச்சியின் படத்தைக் காட்டி யார் கேட்டாலும், “ஜரிகை தீந்துபோச்சுங்க” என்பார் அத்தா.

சேலையை இன்று விரித்தேன். தலைப்பில் ஒரு சாண்தான் வெறும் நூல். மீதி ஜரிகை அப்படியே மின்னுகிறது.