பேர் எழுதாத டிரைவர்

வயது நாற்பத்தாறு. அதில் பதினான்கு ஆண்டுகள் வேன் வாடகை நிலையத்தின் கவுண்டருக்குப் பின்னால் நின்றே போய்விட்டன. வாடிக்கையாளர்கள் அவருக்கு வைத்த பெயர் ‘கண்டிஷன் அக்கா’. சாவியைக் கொடுப்பதற்கு முன் ஒப்பந்தத்தின் ஒவ்வொரு ஷரத்தையும் தன் பாஷையில் சொல்லி முடிக்காமல் விடமாட்டார்.

“டெபாசிட்னா வாடகை இல்லை. உங்க கார்டுல கொஞ்சம் பணத்தைக் கட்டி வெப்போம், வண்டி நல்லபடியா வந்தா அவிழ்த்து விட்டுடுவோம். எக்ஸஸ்னா, எங்கேயாவது இடிச்சா முதல் அடி உங்களுக்கு, மிச்சம்தான் இன்சூரன்ஸுக்கு. டீசல் நிரப்பிக் குடுக்கிறோம், நிரப்பிக் கொண்டாங்க. கடைசியா ஒண்ணு. இதுல பேர் இருக்கிறவர் மட்டும்தான் ஓட்டணும். வேற யாராவது ஓட்டி இடிச்சா இன்சூரன்ஸ் திரும்பிக்கூடப் பார்க்காது. மொத்தச் செலவும் உங்க தலையில.”

“என் வீட்டுக்காரி ஓட்டினா?” என்பார் யாராவது.

“லைசென்ஸைக் காட்டி அவங்க பேரையும் சேர்த்துடுங்க.”

“சேர்த்துட்டா வண்டியும் அவ பேச்சைத்தான் கேட்கும், அக்கா!”

வரிசை சிரிக்கும். அவர் சிரிக்காமல் கையெழுத்துப் போட வேண்டிய இடத்தை விரலால் காட்டுவார்.

போன மாதக் கடைசி சனிக்கிழமை அந்த வரிசையில் அவருடைய தம்பி நின்றார். அம்மாவின் வாடகை வீட்டைக் காலி செய்து, மாலை ஐந்து மணிக்குள் சாவியை ஒப்படைத்தாக வேண்டும். அம்மாவுக்கு இரண்டு முழங்காலும் போய்விட்டன. அக்காவின் ஒற்றை அறையோ மூன்றாவது மாடியில், லிஃப்ட் கிடையாது. தம்பியின் வீடு தரைத்தளம். அங்கே அம்மாவை வைத்துக்கொள்ளத் தம்பி மனைவியைச் சம்மதிக்க வைக்கவே மாதக்கணக்காயிற்று.

“லைசென்ஸை எடு.”

தம்பி போனை நீட்டினார். திரையில் லைசென்ஸின் படம்.

“படம் செல்லாதுடா. அட்டை எங்கே?”

“வீட்டுல. போய்ட்டு வந்தா ரெண்டு மணி நேரம் போயிடும். சாமான் தூக்குற ஆளுங்க அங்க காத்துட்டு இருக்காங்க. அம்மா பக்கத்து வீட்டுல உட்கார்ந்திருக்காங்க. உன் பேர்ல எடுத்துக் குடேன்.”

“ஓட்டப்போறது நீ.”

“ஊருக்கெல்லாம் எடுக்குற கிளாஸை எங்கிட்டயும் எடுக்காத. அம்மா வீட்டுல இருந்து என் வீடு இந்தா இருக்கிற தூரம்.”

பின்னால் வரிசை நீண்டிருந்தது. மாதக் கடைசியில் கவுண்டரைப் போட்டுவிட்டுப் போக முடியாது. அக்கா தன் பெயரை எழுதினார், தன் கார்டைத் தேய்த்தார், தம்பியிடம் சாவியைக் கொடுத்தார். அன்று ஒரு ஷரத்தையும் சொல்லவில்லை.

சாப்பாட்டு நேரத்துக்குச் சற்று முன் போன் வந்தது. தன் வீட்டு வாசலில் வேனைப் பின்னால் எடுத்த தம்பி, கேட் தூணில் வைத்து இடித்திருந்தார். பக்கவாட்டுக் கதவு உள்ளே நசுங்கிப்போயிருந்தது.

“அக்கா, நீ ஓட்டினேன்னு சொல்லிடு. ஒரே வார்த்தை.”

“காலையில இருந்து மேனேஜர் கண்ணு முன்னாடிதானேடா நிக்கிறேன்.”

“எப்படியாவது சமாளி. உனக்குத் தெரியாத கண்டிஷனா?”

சமாளிக்கும் வழி எதுவும் அவருக்குத் தோன்றவில்லை. மேனேஜரின் அறைக்குப் போய் நடந்ததைச் சொன்னார். மேனேஜர் இளைஞர். வேலைக்குச் சேர்ந்த புதிதில் அதே கவுண்டரில் இவரிடம்தான் வேலை பழகினார்.

“உங்களுக்கே நான் இதைப் படிச்சுக் காட்டணுமா, மேடம்?” என்றார். குரலில் கோபம் இல்லை. அதுதான் அக்காவுக்குத் தாங்கவில்லை.

இன்சூரன்ஸ் கிடையாது என்று முடிவாயிற்று. பழுதுச் செலவு அக்காவின் சம்பளத்தில் பிடிக்கப்படும். கவுண்டர் வேலையும் போயிற்று. இனி பின்கட்டில், திரும்பி வரும் வண்டிகளைக் கழுவும் இடத்தில்தான் வேலை.

மாலையில் தம்பி மறுபடி கூப்பிட்டார்.

“கூடப் பொறந்தவனைக் காட்டிக் குடுத்துட்ட.”

“என்னைத்தான்டா நான் காட்டிக் குடுத்தேன்.”

“உங்க ஆபீஸ்ல இருந்து ரெண்டு பேர் வந்து வாசல்ல நின்னு போட்டோ எடுத்துட்டுப் போறாங்க. தெருவே பார்க்குது. சாமான் வரும்போதே இந்தக் கூத்துன்னா, அம்மா வந்தா என்னென்ன ஆகுமோன்னு இவ கேட்கிறா. நான் என்ன பதில் சொல்ல? இதோட விட்டுடுவோம். அம்மாவை நீயே வெச்சுக்க.”

பக்கத்து வீட்டில், மடியில் கைப்பையுடன் அம்மா உட்கார்ந்திருந்தார். வெளியே போகும்போது கட்டும் நல்ல புடவை. வேலை முடிந்து வந்த மகளைப் பார்த்ததும் எழுந்திருக்க முயன்றார், முடியவில்லை.

“தம்பி வரலையா? சண்டையா?”

“இல்லம்மா. வண்டி லேட்டு.”

அன்று இரவு அம்மா பக்கத்து வீட்டிலேயே படுத்துக்கொண்டார். அவர்கள் சில நாள் பொறுத்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார்கள். அக்கா நாலைந்து முதியோர் இல்லங்களுக்குப் போன் செய்தார். ஒன்றில், மூன்று பேர் படுக்கும் அறையில் ஒரு கட்டில் காலியாகிறதாம். ஒரு பெட்டிக்கு மேல் கொண்டுவரக் கூடாது என்றார்கள். வரும் வியாழக்கிழமை காலை அம்மாவை அங்கே சேர்க்கிறார்கள்.