படத்தில் கழுத்து இல்லை

குற்றாலத்தில் சீசன் முடிந்தால் எண்ணெய் தேய்த்துவிடுகிறவனுக்கு வேலை இல்லை. நான் கேரளப் பக்கம் கட்டட வேலைக்குப் போய்விடுவேன். போன வருடம் தகரக் கொட்டகையில் பத்துப் பேரோடு படுக்கை. நாய்க்கு இடமில்லை என்று மேஸ்திரி முன்கூட்டியே சொல்லிவிட்டார். அருவிக்கரையில் என்னோடு ஒட்டிக்கொண்ட செவலை நாய் அது. பெயர் வைக்கவில்லை. 'ஏட்டி' என்றால் வருவாள்.

குத்துக்கல்வலசையில் புதிதாக வீடு கட்டியிருந்த, ராணுவத்தில் இருந்து ஓய்வுபெற்ற ஒருவர் அவளை வாங்கிக்கொண்டார். என்ன தின்பாள், கடிப்பாளா என்று எதுவும் கேட்கவில்லை. "குட்டி போட்டிருக்கா வே?" என்று மட்டும் கேட்டார். அந்தக் கேள்வி எனக்குப் பிடிக்கவில்லை. குட்டிகளை விற்றுக் காசாக்கத்தான் நாயைக் கேட்கிறார் என்று நினைத்தேன். ஆனாலும் கொடுத்தேன். வேறு வழி இல்லை.

கேட்டால் செல்போனில் படம் அனுப்புவார். எல்லாவற்றிலும் முகம் மட்டும்தான். கழுத்துக்குக் கீழே ஒன்றும் தெரியாது. எனக்கு எழுத்துக் கூட்டித்தான் எழுத வரும் என்பதால் பேசி அனுப்பினேன்: "ஐயா, முழுசா ஒரு படம் எடுத்து அனுப்புங்க." மறுபடியும் முகம்தான் வந்தது. பகலெல்லாம் சங்கிலியில் கிடக்கிறாள், கழுத்து புண்ணாகியிருக்கும், அதை மறைக்கிறார் என்று முடிவு கட்டினேன். அப்படி இருந்தால் கூட்டிக்கொண்டு வந்துவிடுவது. மேஸ்திரி விரட்டினால் வேறு வேலை பார்ப்பது.

பிறகு குட்டிகள் பிறந்த செய்தி வந்தது. அவை நடக்க ஆரம்பித்ததும், ஒன்றைப் புளியறையில் ஓட்டல்காரருக்குக் கொடுத்தாயிற்று என்றார். எவ்வளவுக்கு என்று சொல்லவில்லை. அந்த வாரமே ஊருக்குத் திரும்பும் ஒரு லாரியில் ஏறி, எல்லைச் செக்போஸ்ட் தாண்டிப் புளியறையில் இறங்கிக்கொண்டேன்.

ஓட்டலில் மேசைக்கு அடியில் அதே செவலை நிறத்தில் ஒரு குட்டி. குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். கல்லாவில் இருந்தவர் எழுந்து வந்துவிட்டார்.

"சாப்பிட வந்தீரா, குட்டிய அமுக்க வந்தீரா வே?"

"இதோட தாய் என் நாய், அண்ணாச்சி. எவ்வளவு குடுத்து வாங்குனீய?"

"வெலையா? மத்த குட்டியெல்லாம் பால் மறக்குத வரைக்கும் தாய்க்காரிக்கு எலும்பும் சோறும் பஸ்ல குடுத்து விடணும்னு பேச்சு. நீரு அங்கனதான் போறீருன்னா இன்னைக்கு நீரே கொண்டு போம். வழியில தின்னுராதியும்."

பொட்டலம் கனமாகத்தான் இருந்தது. அப்போதும் நான் நம்பவில்லை. இதை அந்த வீட்டில் வேறு நாய் தின்கிறதோ என்னவோ.

சொல்லாமல் போய் நின்றேன். தண்ணீர்த் தொட்டி நிழலில் குட்டிகளோடு படுத்திருந்தாள். சங்கிலி இல்லை. "ஏட்டி" என்றேன். ஓடி வந்து முழங்காலில் மூக்கைத் தேய்த்தாள். கழுத்து முடியை விலக்கி விலக்கிப் பார்த்தேன். புண்ணும் இல்லை, தழும்பும் இல்லை.

"என்ன வே, செக்போஸ்ட் போலீஸ் மாதிரி சோதிக்கீரு?" வாசலில் ராணுவக்காரர் நின்றிருந்தார்.

"படத்துல கழுத்தே தெரியலையே, ஐயா."

"படம் எடுக்க செல்போனத் தூக்குனதும் ஓடி வந்து மூஞ்சியக் கொண்டாந்து வைக்கா. நான் என்ன செய்ய?"

ஒரு குட்டியைத் தூக்கப் போனேன். அவள் இடையில் வந்து நின்று உறுமினாள். பல் தெரிந்தது. கையை எடுத்துக்கொண்டேன். பொட்டலத்தைப் பிரித்துத் தரையில் வைத்தேன். மோந்து பார்த்தாள். நான் தள்ளிப் போன பிறகுதான் வாய் வைத்தாள்.

கிளம்பும்போது கேட் வரை வந்தாள். உள்ளே ஒரு குட்டி கத்தியது, திரும்பிப் பார்த்தாள். அவள் மறுபடி என் பக்கம் திரும்புவதற்குள் வெளியே வந்து, கேட்டுக்கு நானே கொண்டி போட்டேன்.